4472 சரி, எந்த வருஷத்து 4472?

கேள்வி, ஜூன் 3

என்னிடம் ஓஓ என்ற மாடல் ரயில் அளவில் ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன் நீராவி எஞ்சின் இருக்கிறது. ஆப்பிள் பச்சை, எண் 4472, பெயர்ப்பலகை எல்லாம் உண்டு. பெட்டியில் "1934: மணிக்கு 100 மைல்" என்று போட்டிருக்கிறது. பார்த்த நண்பர் ஒருவர் ஸ்மோக்பாக்ஸின் (பாய்லரின் முன்முனையில் புகை சேரும் இடம்) இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும் சின்னத் தகட்டைக் காட்டி, "இது 1934 இல்லையே" என்றார். இரண்டு தகட்டுக்காக மொத்த எஞ்சினும் தப்பாகிவிடுமா? மாடலில் ரிவெட்டைக்கூட எண்ணிப் பிழை பிடிக்கிறவர்களுக்கு வேறு வேலையே கிடையாதா?

ஜூன் 3, இரவு 11.20

வேறு வேலை இருக்கிறது. இருந்தாலும் எண்ணுவோம்.

உங்கள் நண்பர் சொன்னது சரி. 1923-ல் டான்காஸ்டர் பட்டறையை விட்டு வந்தபோது நிஜ எஞ்சின் ஏ1 வகை. 1934 நவம்பர் 30 அன்று 100 மைல் தொட்டபோதும் ஏ1தான். 1947 ஜனவரியில்தான் பாய்லரை மாற்றி ஏ3 ஆக்கினார்கள். பாய்லர் அழுத்தம் 180 பவுண்டிலிருந்து 220 ஆனது, நீராவியை மேலும் சூடாக்கும் சூப்பர்ஹீட்டரும் பெரிதானது. அதன் ஹெடர் என்ற நீராவிப் பெட்டி ஸ்மோக்பாக்ஸுக்குள் அடங்காமல் இரு பக்கமும் முட்டிக்கொண்டு நிற்கும். அதை மூடப் போட்டதுதான் அந்தத் தகடு.

இப்போது எண்ணைப் பாருங்கள். 1947-ல் அந்த எஞ்சினின் எண் 4472 கிடையாது. 1946-லேயே 502 ஆகி, சில மாதத்தில் 103 ஆகிவிட்டது. ரயில்வே அரசுடைமையான பிறகு 60103. 1963-ல் ஓய்வு கொடுத்ததும் ஆலன் பெக்லர் அதை வாங்கி, பழைய பச்சையைப் பூசிப் பழைய எண்ணையே திரும்ப எழுதினார். 4472 என்ற எண்ணும் அந்தத் தகடும் ஒரே எஞ்சினில் சந்தித்தது அப்போதுதான்.

ஆக, உங்கள் எஞ்சினில் தப்பு இல்லை. அறுபதுகளின் 4472 அது. தப்பு அட்டைப்பெட்டியில்.

போகிற போக்கில் ஒன்று. ஆப்பிள் பச்சையில், புகைபோக்கிக்கு இரு பக்கமும் புகையை மேலே தள்ளும் டிஃப்ளெக்டர் தகடு வைத்த 4472-ஐ யாராவது விற்றால் வாங்காதீர்கள். அப்படி ஒன்று இருந்ததே இல்லை.

ஜூன் 4, காலை 6.50

தூங்கி எழுந்ததும் நினைவு வந்தது. 1923-ல் அதற்கு 4472 என்ற எண்ணும் இல்லை, பெயரும் இல்லை. வெறும் 1472. வெம்ப்ளி கண்காட்சிக்காக 1924-ல்தான் பெயரும் புது எண்ணும் வந்தன. 1472 என்று எழுதிப் பெயர்ப்பலகையும் வைத்த மாடலைக் கண்டால் அது யாரோ ஆசையில் செய்தது.

ஜூன் 5

"தகட்டைச் சீவி எடுத்துவிட்டால் 1934 ஆகிவிடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். செய்திருக்கிறேன். செய்யாதீர்கள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

முதல் தகட்டை ஸ்கால்பெல்லால் மெல்லிய சீவல்களாக எடுத்தேன். சாந்தமாகப் போனது. இரண்டாவதில் அவசரம். கத்தி வழுக்கி ஸ்மோக்பாக்ஸில் அரை மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு கீறல். பட்டி வைத்தேன், காயவிட்டேன், உப்புத்தாள் போட்டேன். தேய்த்த இடம் தட்டையாகிவிட்டது. ஸ்மோக்பாக்ஸ் உருண்டை, என் உப்புத்தாளுக்குப் பின்னால் இருந்த கட்டையோ தட்டை. திரும்பப் பட்டி. இந்த முறை உப்புத்தாளைப் பட்டையாகக் கிழித்து, செருப்புக்குப் பாலீஷ் போடுகிற மாதிரி இரண்டு முனையையும் பிடித்து இழுத்தேன். அது சரியாக வந்தது. மூன்று சனி, ஞாயிறு போயின.

கருப்பு அடித்து முடித்து நிமிர்ந்தால், பாய்லர் மேல் குமிழ் மாதிரி இருக்கும் டோம் கண்ணில் படுகிறது. ஏ1-ல் மேலிருந்து பார்த்தால் டோம் வட்டம். என் மாடலில் பின்பக்கம் நீண்டு பாஞ்சோ வாத்தியம் மாதிரி இருந்தது. பிற்காலப் பாய்லரின் டோம். தகட்டை மட்டும் எடுத்ததால் என் எஞ்சின் எந்த வருஷத்துக்கும் சொந்தமில்லாமல் போய்விட்டது. அதற்கு முன் குறைந்தபட்சம் அறுபதுகளாவது அதன் பக்கம் இருந்தன.

டோமையும் மாற்றினேன். அந்தக் கதை வேண்டாம்.

ஜூன் 6, மதியம்

திருத்தம். "இருந்ததே இல்லை" என்று இரவு 11.20-க்குக் கையை வீசிச் சொன்னேன் அல்லவா? ஒருவர் படம் அனுப்பியிருக்கிறார். ஆப்பிள் பச்சை, 4472, இரட்டைப் புகைபோக்கி, டிஃப்ளெக்டர். வண்ணப் படம், ஒட்டுவேலை இல்லை.

விஷயம் இதுதான். இரட்டைப் புகைபோக்கி ஐம்பதுகளின் கடைசியில் வந்தது. அதனால் புகை மேலே எழும்பாமல் ஓட்டுநர் முகத்தில் அடித்தது. அதற்காக 1961 டிசம்பரில் ஜெர்மன் பாணி டிஃப்ளெக்டர் வைத்தார்கள். அப்போது நிறம் பிரிட்டிஷ் ரயில்வேயின் கரும்பச்சை, எண் 60103. பெக்லர் வாங்கியதும் இரண்டையும் கழற்றிவிட்டு ஒற்றைப் புகைபோக்கிக்குத் திரும்பினார். நான் அதோடு நிறுத்திக்கொண்டேன். ஆனால் 1999-ல் பழுது பார்த்து வெளிவந்தபோது ஆப்பிள் பச்சையோடு இரட்டைப் புகைபோக்கி இருந்தது, பிறகு டிஃப்ளெக்டரும் சேர்ந்தது. ஆக அந்தக் கோலமும் தண்டவாளத்தில் ஓடியிருக்கிறது.

"அன்றாடப் பணியில் இருந்த காலத்தில் அப்படி இல்லை" என்று சொல்லியிருக்க வேண்டும். வாங்காதீர்கள் என்றதையும் திரும்பப் பெறுகிறேன். வாங்குங்கள், பக்கத்தில் 1934 காலத்து ரயில் பெட்டிகளை நிறுத்தாதீர்கள்.

ஜூன் 8

எதிர்பார்த்த கேள்வி வந்துவிட்டது. "ஓஓ தண்டவாளமே தப்பு. அதை விட்டுவிட்டுத் தகட்டுக்கு ஏன் இத்தனை பேச்சு?"

கணக்கைப் போட்டுவிடுவோம். ஓஓ என்றால் ஒரு அடிக்கு 4 மில்லிமீட்டர், அதாவது 1:76.2. நிஜத் தண்டவாளத்தின் அகலம் 1,435 மி.மீ. வகுத்தால் 18.83 வர வேண்டும். ஓஓ தண்டவாளமோ 16.5. அதைத் திருப்பிப் பெருக்கினால் 1,257. நிஜத்தைவிட 7 அங்குலம் குறைவு. முன்னாலிருந்து பார்த்தால் எஞ்சின் கால்களை ஒட்டி வைத்து நிற்கிற மாதிரி இருக்கும்.

இது யாரும் தெரியாமல் செய்த பிழை இல்லை. 16.5 மி.மீ. என்பது எச்ஓ என்ற இன்னொரு மாடல் அளவின் தண்டவாளம், 1:87-க்குச் சரியாகப் பொருந்தும். பிரிட்டிஷ் எஞ்சின்கள் உடம்பில் சிறியவை. அந்தக் காலத்து மோட்டாரை 1:87 உடம்புக்குள் திணிக்க முடியவில்லை. உடம்பை மட்டும் பெரிதாக்கிக்கொண்டு தண்டவாளத்தை அப்படியே விட்டார்கள். பொறுக்காதவர்கள் 18.2 மி.மீ. வைத்து ஈஎம் என்றார்கள். அதுவும் பொறுக்காதவர்கள் 18.83-க்கே போய் பி4 என்றார்கள்.

ஜூன் 8, இரவு

மேலே கேள்விக்குப் பதில் சொல்லாமல் கணக்கு மட்டும் சொல்லியிருக்கிறேன்.

16.5 என்பது எல்லோருக்கும் தெரிந்த பிழை. பெட்டியிலேயே ஓஓ என்று எழுதியிருக்கிறது, யாரும் ஏமாறவில்லை. நாடகத்தில் சுவர் துணியால் ஆனது என்று பார்க்கிறவருக்குத் தெரியும். அதே நாடகத்தில் 1934-ல் நடக்கிற காட்சிக்கு ஒருவர் கைப்பேசியோடு வந்தால்தான் சிரிப்பு வரும். அந்தத் தகடு எனக்குக் கைப்பேசி.

இன்னொன்று, அந்த 7 அங்குலக் குறைவு ஒரு வகையில் உதவி. மாடல் சக்கரத்தின் தடிமன் சாதாரணமாக 2.8 மி.மீ. பெருக்கினால் 213 மி.மீ. நிஜத்தில் சுமார் 140தான். இவ்வளவு தடித்த சக்கரத்தைச் சரியான அகலத்தில் வைத்தால் வெளியே இருக்கும் கம்பிகளும் சிலிண்டரும் இன்னும் வெளியே தள்ளிக்கொண்டு போகும். தண்டவாளம் ஒடுங்கியிருப்பதால் அந்தத் தடிமன் ஒளிந்துகொள்கிறது. ஒரு பிழை இன்னொரு பிழைக்கு இடம் விட்டிருக்கிறது. பி4 ஆட்கள் இரண்டையும் சேர்த்துத் திருத்துகிறார்கள். ஒன்றை மட்டும் திருத்தினால் என் டோம் கதைதான்.

ஜூன் 9

WP (இந்திய அகலப் பாதையில் ஓடிய நீராவி எஞ்சின் வகை) பற்றிக் கேட்டவருக்கு: அங்கே கணக்கு இன்னும் மோசம். அகல ரயில்பாதை 1,676 மி.மீ. 4 மி.மீ. அளவில் 22, 1:87-ல் 19.3. 16.5-ல் ஓடும் WP எல்லாம் உண்மையில் வேறு நாட்டுப் பாதையில் நிற்கின்றன. 1947-ல் அமெரிக்காவின் பால்ட்வின் நிறுவனத்திலிருந்து வந்த முதல் எஞ்சின்களின் அந்த அகன்ற நெஞ்சு, பாதை அகலத்தால் வந்த நெஞ்சு. ஒடுங்கிய காலில் அதை நிறுத்தினால் கோழி மாதிரி இருக்கிறது. 22 மி.மீ.க்குத் தண்டவாளத்தைக் கையால்தான் போட வேண்டும். போட்டவர்களை மதிக்கிறேன், நான் போட மாட்டேன்.

(தமிழ் எழுத்திலேயே எழுதலாமே என்று ஒருவர் கேட்டார். சரி, இனி டபிள்யூபி.)

ஜூன் 11

நிறம். இதில் யாரும் ஜெயிக்கப்போவதில்லை என்று தெரிந்தே எழுதுகிறேன்.

"பழைய புகைப்படத்தில் கருப்பாகத்தானே இருக்கிறது" என்பது ஆதாரமில்லை. அந்தக் காலத்து ஆர்த்தோகுரோமட்டிக் பிலிமுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பு கருப்பாக விழும், நீலம் வெளுத்து விழும். எஞ்சின் முன்னால் குறுக்கே இருக்கும் சிவப்பு பஃபர் பலகையைப் படத்தைப் பார்த்துக் கருப்பு அடித்தவர்கள் உண்டு. அடித்தவர்களில் நானும் உண்டு.

அதைவிடப் பெரிய பொறி, பட்டறைப் படம். கோடு, வளைவு, ரிவெட் எல்லாம் அவ்வளவு தெளிவாக இருக்கும். காரணம், படம் எடுப்பதற்கென்றே எஞ்சினுக்குச் சாம்பல் நிறம் பூசுவார்கள். பல நேரம் கேமரா பார்க்கிற பக்கத்துக்கு மட்டும். படம் எடுத்து முடிந்ததும் உண்மையான நிறம். மாடலுக்கு நாம் நம்பியிருக்கும் மிகத் தெளிவான படம், அந்த எஞ்சின் ஒருநாளும் ரயில் இழுக்காத கோலத்தில் எடுத்தது.

எழுத்து ஆவணம் இருந்தால் மட்டும் தப்பித்தோமா? லண்டன், பிரைட்டன் ரயில்வேயில் வில்லியம் ஸ்ட்ரவுட்லி தன் எஞ்சின்களுக்குப் பூசிய நிறத்தின் அதிகாரப்பூர்வப் பெயர் "மேம்படுத்திய எஞ்சின் பச்சை". அது மஞ்சள். பளிச்சென்ற, கடுகுப் பொன்னிற மஞ்சள். ஆவணத்தை மட்டும் நம்பிப் பச்சை அடித்தால் ஆவணப்படி சரி, எஞ்சின்படி தப்பு.

ஜூன் 12

"நேரில் இருக்கும் எஞ்சினையே அளந்துவிட்டால் சண்டையே இல்லையே?" இருக்கிறது.

ராக்கெட் என்ற பழைய நீராவி எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். 1829-ல் ரெயின்ஹில்லில் நடந்த எஞ்சின் போட்டியில் அதன் சிலிண்டர்கள் நன்றாகச் சாய்ந்து நின்றன, உடம்பு மஞ்சள், புகைபோக்கி வெள்ளை. ஒன்றிரண்டு வருஷத்தில் சிலிண்டரைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்தார்கள், முன்னால் ஸ்மோக்பாக்ஸ் வைத்தார்கள். அருங்காட்சியகத்துக்குப் போனது இந்த மாற்றிய உடம்பு. நிஜ ராக்கெட்டை மில்லிமீட்டர் விடாமல் அளந்து செய்த மாடல், போட்டியில் ஜெயித்த ராக்கெட் ஆகாது.

நீராவி எஞ்சின்களில் வேகச் சாதனை படைத்த மேலார்டும் அப்படித்தான். 1938 ஜூலை 3-ல் மணிக்கு 126 மைல். இப்போது பார்த்தால் நீல நிறம், 4468, சக்கரங்களுக்கு மேல் வளைந்து இறங்கும் பாவாடைத் தகடு எல்லாம் 1938 மாதிரியே. ஆனால் பாய்லர் பக்கத்தில் சாதனையைச் சொல்லும் பலகை இருக்கிறது பாருங்கள், அது 1948-ல் வைத்தது. அப்போது எண் மாறிவிட்டது, பாவாடையையும் போர்க்காலத்திலேயே கழற்றியாகிவிட்டது. சாதனை செய்த நாளில் சாதனைப் பலகை இருக்காது என்பதற்கு ரிவெட் எண்ணத் தேவையில்லை, கொஞ்சம் யோசித்தால் போதும். நான் யோசிக்கவில்லை. "1938" என்று அடியில் எழுதிப் பலகையோடு அலமாரியில் ஆறு வருஷம் வைத்திருந்தேன்.

ஜூன் 14

சின்னச் சின்னதாக.

டெண்டரில் (எஞ்சினுக்குப் பின்னால் கரி சுமக்கும் வண்டி) கரி. நல்ல பளபளப்பான 4 மி.மீ. துண்டாக ஒட்டுகிறோம். நிஜத்தில் அது ஒரு அடிப் பாறை. ஃபயர்மேன் சுத்தியலோடுதான் வர வேண்டும். இடித்துச் சலித்து 1 மி.மீ., ஒன்றரை மி.மீ. போடுங்கள்.

வேகம். மணிக்கு 60 மைல் என்பது ஓஓவில் வினாடிக்கு 35 சென்டிமீட்டர்தான். கட்டுப்பாட்டுக் குமிழை முழுக்கத் திருப்பினால் வினாடிக்கு ஒரு மீட்டர் சுலபமாகப் போகும். அது மணிக்கு 274 கிலோமீட்டர். மேலார்டின் சாதனையை நாம் எல்லோரும் ஒரு சரக்கு எஞ்சினை வைத்தே முறியடித்திருக்கிறோம்.

ஒலி. 4472-ஐ வடிவமைத்த கிரெஸ்லியின் எஞ்சினுக்கு மூன்று சிலிண்டர், சக்கரம் ஒரு சுற்றுக்கு ஆறு "சுக்". இரண்டு சிலிண்டர் எஞ்சினின் ஒலிச் சில்லைப் போட்டு நாலு "சுக்"கோடு ஓட்டுகிறார்கள். மெதுவாகப் போகும்போது காதுக்கே தெரியும். 60 மைலில் வினாடிக்கு 25 வரும், அங்கே யாரும் எண்ண முடியாது. எனக்கு அதுவே ஆறுதல்.

ஜூன் 17, இரவு 12.10

ரிட்டர்ன் கிராங்க் பற்றி ஒருவர் தனியாகக் கேட்டார். சிலிண்டருக்குள் நீராவியை விடுகிற வால்வை இயக்கும் வால்ஷார்ட்ஸ் வால்வ் கியரில், ஓட்டுசக்கரத்தின் முளையில் குட்டையாக ஒரு கை நீட்டிக்கொண்டிருக்கும், அதுதான். முளை கீழே வரும்போது அந்தக் கை பின்பக்கம், கேபினைப் பார்த்துச் சாய வேண்டும்.

ஜூன் 17, காலை 7.30

தப்பாகச் சொல்லிவிட்டேன். முன்பக்கம், சிலிண்டரைப் பார்த்துச் சாய வேண்டும். இந்த எஞ்சினில் நீராவி பிஸ்டன் வால்வின் உள்பக்கமிருந்து நுழைகிறது. அதனால் முன்னோக்கி ஓடும்போது அந்தக் கை பிரதான முளைக்குக் கால் சுற்று பின்தங்கி வர வேண்டும். முளை கீழே இருக்கும்போது சக்கரம் அதைப் பின்னால் கொண்டுபோகிறது, பின்தங்கியது முன்னால்தானே இருக்கும்.

ராத்திரி ஏன் மாற்றி எழுதினேன் என்று காலையில் புரிந்தது. எழுதும்போது மேஜையில் என் எஞ்சின் இடது பக்கத்தைக் காட்டி நின்றது, அதைப் பார்த்துத்தான் எழுதினேன். வலது பக்கம் திருப்பினால் கை முன்னால் சாய்கிறது. இடது பக்கம் பின்னால். கழுவிச் சுத்தம் செய்து மாட்டியபோது ஒரு பக்கத்தைத் திருப்பி மாட்டியிருக்கிறேன். எத்தனை நாளாக என்று கேட்காதீர்கள். ஒரு பக்கம் முன்னே போகவும் மறுபக்கம் பின்னே போகவும் அமைத்த எஞ்சின், மின்சார மோட்டார் இருப்பதால் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

இதைக் கண்டுபிடிக்கப் புத்தகம் வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் பாருங்கள், போதும்.

ஜூன் 22

முதல் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். தகட்டைச் சீவவில்லையாம். பெட்டியில் 1934-ஐ அடித்துவிட்டு "1963 முதல்" என்று பேனாவால் எழுதிவிட்டாராம். ஒரு நிமிட வேலை. மூன்று சனி, ஞாயிறைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஜூன் 23

அவருடைய நண்பர் (தகட்டைக் காட்டிய அதே ஆள்) என் எஞ்சினின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார். தகடு இல்லை, டோம் வட்டம், கிராங்க் இரண்டும் இப்போது முன்னால். "எல்லாம் சரி. ஓட்டுநர் ஏன் இடது ஜன்னலில் சாய்ந்துகொண்டிருக்கிறார்?"

ஏ1 வலப்பக்க ஓட்டு. 4472-ல் அதை இடப்பக்கம் மாற்றியது ஐம்பதுகளில். 1934-ல் ஓட்டுநர் வலது ஜன்னலில், ஃபயர்மேன் இடதில். தெரியும். நன்றாகவே தெரியும். பொம்மையை ஒட்டும்போது கை தானாக இடப்பக்கம் போயிருக்கிறது.

ஜூன் 24

நேற்றிரவு பெயர்த்தேன். சூப்பர் க்ளூ விடவில்லை. கேபின் கூரையைக் கழற்றி, ஊசி மூக்குக் குறடால் தோளைப் பிடித்து மெல்ல ஆட்டினேன். ஆள் வந்துவிட்டார், ஜன்னலில் ஊன்றியிருந்த முழங்கை வரவில்லை. வலப்பக்கம் நிறுத்தி, கை இல்லாத பக்கத்தைப் பாய்லரைப் பார்த்துத் திருப்பி ஒட்டியாகிவிட்டது. வெளியிலிருந்து தெரியாது.

இடது ஜன்னலில் அந்த முழங்கை மட்டும் இன்னும் இருக்கிறது. சுரண்டினால் பச்சை போய்விடும். ஃபயர்மேன் அந்தப் பக்கம்தானே. அவருடையதாக இருந்துவிட்டுப் போகட்டும்.